ஐம்பத்தெட்டின் வலது கால்

அண்ணியை அந்த மாலை வகுப்புக்குக் கூட்டிப் போனது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதினால் சாக்குப் போலத் தெரியும்.

வகுப்பின் பெயர் 'ரோமானியப் படை: பல துறைகளின் பார்வையில்'. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை முதல் எட்டரை வரை, ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் மாடியில் நடக்கும். பகலில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள் என்பதால் எங்கள் எல்லோருக்கும் முழங்கால் மேசையில் இடிக்கும். நான் மூன்றாவது பருவமாகப் போய்க்கொண்டிருந்தேன். பகலில் எனக்கு மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் வேலை. நோயாளிகளின் ஃபைல்களை எண்படி அடுக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று பருவத்தில் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. நான்கு நோட்டுகள் நிறைந்திருந்தன.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். அவனுக்கு மாலை ஷிப்ட் விழுந்த மாதம், நான் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது அண்ணி கேட்டாள்.

"நானும் வரட்டா? தனியா உக்காந்து சுவரைப் பாக்கறதுக்கு உன் ரோமாபுரியையாவது பாக்கறேன்."

"சரித்திரம் அண்ணி. உங்களுக்குப் போர் அடிக்கும்."

"படைன்னா போர் அடிக்கத்தானே செய்யும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வகுப்பு எடுப்பவரை நாங்கள் 'சார்' என்போம். முதல் நாளே அவர் சொல்லிவிடுவார்: "வாளையும் கேடயத்தையும் பத்தி எழுதினவங்க ஏராளம். அது நூலகத்துல இருக்கு, போய்ப் படிச்சுக்கோங்க. இங்க உங்க தொழிலோட வாங்க. உங்க தொழில் என்ன பாக்குதோ அதைச் சொல்லுங்க." அப்படித்தான் வகுப்பு ஓடியது. சரக்கு லாரி கம்பெனியில் வண்டிகளுக்கு நேரம் குறித்து அனுப்பும் ஒருவர் இருந்தார். எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், கூடாரத்துக்கு ஒரு கோவேறு கழுதை என்று கணக்கிட்டு, ஒற்றையடிப் பாதையில் ஒரு படையணி நகர்ந்தால் தலைப்பகுதி அடுத்த முகாமுக்குப் போய்ச் சேரும்போது வால்பகுதி இன்னும் பழைய முகாமில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் என்று பலகையில் போட்டுக் காட்டினார். "இதான் சார் என் தினசரி வாழ்க்கை," என்றார். பேக்கரி வைத்திருக்கும் அம்மா கோதுமையைக் கையால் திருகையில் அரைத்துக் காட்டிவிட்டு, "அரைக்கவே இவ்வளவு நேரம். அப்புறம் எப்பய்யா சண்டைக்குப் போறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சார் அதை அப்படியே தன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

என் முறை வந்தபோது, படையிலும் பட்டியல் வைத்திருந்தார்கள், இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று எழுதி வைத்தார்கள் என்று சொன்னேன். சார் "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அந்த 'நல்லது' என் நோட்டில் தேதியுடன் இருக்கிறது. மற்றவர்களின் தொழிலுக்குக் கண் இருக்கிறது, என் தொழிலுக்கு அலமாரிதான் இருக்கிறது என்று அதன் கீழே எழுதினேன். கொஞ்சம் மிகையோ என்று தோன்றியது. ஆனால் அடிக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். எங்கள் நகர அருங்காட்சியகத்தின் கிடங்கில், ஒரு ரோமானியக் கோட்டையின் அகழிச் சேற்றிலிருந்து எடுத்த செருப்புகளின் அடித்தோல்கள் நூற்று நாற்பது இருந்தன. ஈரச் சேறு என்பதால் தோல் மக்காமல், இரும்பு ஆணிகளோடு தப்பியிருந்தது. வகுப்பில் ஒருவர் அந்தக் கிடங்கில் ஆறு வாரம் உதவியாளராக இருக்கலாம். பருவத்தின் கடைசி வியாழனன்று கிடங்கின் பொறுப்பாளரே வந்து எல்லோர் அறிக்கையையும் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பார். போன இரண்டு பருவத்தில் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த முறை மேலாளரிடம் ஆறு வார விடுப்புக்கு முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்லி வைத்தால், கிடைக்காதபோது ஆறுதல் சொல்ல ஆள் வரும்.

எல்லோரையும் ஒருநாள் கிடங்குக்குக் கூட்டிப் போனார்கள். பொறுப்பாளர் எப்போதும் வெள்ளைக் கையுறையோடு இருந்ததால் லாரிக்காரர் அவருக்குக் 'கையுறை அம்மா' என்று பெயர் வைத்தார். அவர் எங்களுக்கும் கையுறை கொடுத்து, ஆளுக்கு ஒரு தட்டில் ஓர் அடித்தோலை வைத்தார். எனக்கு முப்பத்தொன்றாம் எண் வந்தது. அளந்தேன். இருபத்து நான்கு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். அதை எழுதினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் மறுபடி அளந்தேன்.

அண்ணிக்கு வந்தது ஐம்பத்தெட்டு. அண்ணி ஒரு கால் கிளினிக்கில், செருப்புக்குள் வைக்கும் இன்சோல் செய்கிறவள். நடை சரியில்லாதவர்களின் பழைய செருப்பைப் பார்த்து, எந்த இடத்தில் மேடு வைக்க வேண்டும், எந்த இடத்தில் பள்ளம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவள் வேலை. தட்டோடு தூக்கி விளக்குக்கு நேரே சாய்த்தாள்.

"இவருக்கு இடது கணுக்கால் மடங்காது," என்றாள்.

கையுறை அம்மா நிமிர்ந்தார். "எப்படிச் சொல்றீங்க?"

"குதிகால் வெளி ஓரத்துல பாருங்க, ஆணியெல்லாம் மொட்டை. விரல் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. விரலை ஊனி எழும்பல. காலை அப்படியே கட்டை மாதிரி தூக்கி வச்சிருக்கார். வாரத்துக்கு ரெண்டு பேர் எங்ககிட்ட இப்படி வருவாங்க. வாசல்ல நடை சத்தம் கேக்கறப்பவே சொல்லிடுவேன்."

எல்லோரும் தங்கள் தட்டுகளை விட்டுவிட்டு அண்ணியின் தட்டைச் சுற்றி நின்றார்கள். நான் என் தட்டோடு நின்றேன். செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆன ஒருவனை அவள் 'இவர்' என்றதுதான் என்னைக் குத்தியது. எனக்கு முப்பத்தொன்று வெறும் முப்பத்தொன்றாகத்தான் இருந்தது.

பேருந்தில் திரும்பும்போது, "உனக்கு என்ன தம்பி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"முப்பத்தொண்ணு. இருபத்து நாலு புள்ளி ரெண்டு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் அதை எந்த உள்நோக்கத்தோடும் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் வயிற்றெரிச்சல் குறைந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் 'பொறாமை' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'கவனச் சிதறல்' என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்தேன்.

எனக்கென்று ஏதாவது வேண்டும் என்றுதான் பட்டியல் போடும் வேலையைக் கேட்டு வாங்கினேன். கிடங்கில் ஒவ்வோர் அடித்தோலுக்கும் ஓர் அட்டை இருந்தது. பெட்டிக்குப் பத்து அடித்தோல், மொத்தம் பதினான்கு பெட்டி. கையுறை அம்மாவின் அனுமதியோடு நூற்று நாற்பது அட்டைகளையும் முன்புறம், பின்புறம் இரண்டையும் படம் எடுத்து வந்தேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. சேற்றிலிருந்து எடுத்த தோல் காயும்போது சுருங்கும். அந்தக் குவியலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருக்கம் என்று ஏற்கெனவே சோதித்து வைத்திருந்தார்கள். அதனால் காய்ந்த பிறகு அளந்ததற்கெல்லாம் பத்தில் ஒரு பங்கு கூட்டினால்தான் செருப்பின் உண்மையான நீளம் வரும். ஒவ்வொன்றாகக் கூட்டி, இரண்டு முறை சரிபார்த்து, பட்டியலை அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். கீழே என் பெயரைப் போட்டேன். லாரிக்காரர் முதுகில் தட்டினார். "தம்பி, நீ எங்க கம்பெனில இருந்திருந்தா பாதி வண்டி காணாமலே போயிருக்காது." அன்று நன்றாகத் தூங்கினேன்.

அந்தத் தூக்கம் ஒரு வாரம்தான் நீடித்தது.

அருங்காட்சியகம் அறுபது அடித்தோல்களுக்கு மட்டும் அச்சு அசலான அளவில் வரைபடம் கொடுத்திருந்தது. அண்ணி அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒரு பக்கம் என் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஐம்பத்தெட்டை அணிந்தவரின் வலது செருப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டு, வலது கால். பெருவிரல் பக்கத்து ஆணிகள் எல்லாம் தேய்ந்து தகடாகி இருந்தன. இடது கால் ஒத்துழைக்காதவன் முழு எடையையும் வலது காலில் போட்டுத் தள்ளினால் அப்படித்தான் தேயும் என்றாள். என் பட்டியலில் இரண்டின் நீளமும் இருபத்தாறு புள்ளி ஒன்று. மில்லிமீட்டர் பிசகவில்லை. ஐம்பத்தெட்டு கிடைத்தது அகழியின் அடி அடுக்கில், கோட்டை வாசலருகே. நூற்றுப் பன்னிரண்டு கிடைத்தது பல ஆண்டுகள் கழித்துப் படிந்த மேல் அடுக்கில், தானியக் கிடங்கின் பின்புறம். அதே ஆள் பிற்பாடு போட்ட வேறொரு செருப்பு என்றாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இதைச் சொன்னபோது சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப அந்த ஆள் நடக்க முடியாமப் போன பிறகும் வருஷக்கணக்குல கோட்டைலதான் இருந்திருக்கான். அவனை வெளில அனுப்பல."

"திருகை சுத்த விட்டிருப்பாங்க," என்றார் பேக்கரி அம்மா. "அதுக்குக் கால் எதுக்கு?"

"இல்லம்மா, முதல்ல வாசல் காவல். அப்புறம் தானியக் கிடங்கு. எங்க டிரைவர்ங்க இடுப்பு போனா அப்படித்தான் மாத்துவோம்," என்றார் லாரிக்காரர்.

எல்லோர் தொழிலும் அண்ணியின் ஆளைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டது. சார் மூன்று பருவமாக எதிர்பார்த்தது இதைத்தான். என் பட்டியல் அவர்களுக்குக் கீழே விரித்த பாய்போல் கிடந்தது. பாயை யாரும் புகழ்வதில்லை.

வீட்டில் அண்ணனுக்கும் பெருமை தாங்கவில்லை. "எந்நேரமும் 'என் ஆளு, என் ஆளு'ங்கறா. அவன் செத்துத் தொலைஞ்சவன்ங்கறதால நான் ஒண்ணும் கேக்கவும் முடியல," என்றான். அண்ணி அவன் தலையில் குட்டினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கிடங்கு வேலை கிடைச்சா போவீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"யார் எனக்குக் குடுக்கப் போறா? குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன்."

அவ்வளவு லேசாகச் சொன்னாள். நான் விடுப்பு எழுதி வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மதிய இடைவேளையில், ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து, போனில் இருந்த அட்டைப் படங்களை மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். சரிபார்ப்பதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அண்ணியின் ஆளைக் கவிழ்க்க ஏதாவது கிடைக்குமா என்றுதான் தேடினேன். ஐம்பத்தெட்டாம் அட்டையில் இருபத்து மூன்று புள்ளி ஏழு என்றிருந்தது. காய்ந்தது. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் இருபத்தாறு புள்ளி ஒன்று. சரி. நூற்றுப் பன்னிரண்டிலும் அதே எண்தான் இருந்தது. அதுவும் காய்ந்தது. ஆனால் அந்த அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு சிறிய வட்டம் இருந்தது.

அந்த வட்டத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் பெட்டிகளின் இருபது அட்டைகளிலும் இருந்தது. எங்கள் ரெக்கார்டு ரூமில் பென்சில் வட்டம் என்றால் 'ஃபைல் திரும்பி வந்துவிட்டது, பார்க்கத் தேவையில்லை' என்று அர்த்தம். ஆறு வருடமாகத் தினமும் நூறு வட்டம் பார்க்கிறேன். கண் தானாகவே தாண்டிப் போயிருக்கிறது. பதினொன்றாம் பெட்டியின் முதல் அட்டையின் பின்புறத்தை அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கிய எழுத்தில் இருந்தது: 'இப்பெட்டியிலும் அடுத்ததிலும் வட்டமிட்டவற்றில் சுருக்கம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டது.'

ஏற்கெனவே கூட்டியிருந்ததன்மேல் நான் இன்னொரு முறை கூட்டியிருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டின் உண்மையான நீளம் அட்டையில் இருந்த இருபத்து மூன்று புள்ளி ஏழுதான். ஐம்பத்தெட்டை அணிந்தவனின் மறுகால் அதில் நுழையாது. அது வேறு யாரோ சின்னக் கால்காரரின் செருப்பு.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். கழுத்து வரை சூடாக ஒரு சந்தோஷம். அண்ணியின் ஆள் இல்லை. பிறகுதான் உறைத்தது. அவனை உண்டாக்கியது என் பட்டியல். சொன்னால் எனக்கென்று இருந்த ஒரே பெயரும் போகும். சொல்லாவிட்டால் என் தப்பின்மேல் ஏறி அண்ணி கிடங்குக்குப் போவாள்.

செவ்வாய் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. புதன் மாலை அண்ணி சமையலறையில் நின்று தன் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து படித்தாள். "எங்கயாவது ஓட்டை இருந்தா இப்பவே சொல்லிடு. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்பட முடியாது. நீதான் தப்பு கண்டுபிடிக்கறதுல ஆளாச்சே."

"நல்லா இருக்கு அண்ணி," என்றேன்.

வியாழன் காலை அலுவலகத்தில் திருத்திய பட்டியலை அச்செடுத்தேன். கீழே ஒரே வரி: 'பெட்டி 11, 12: நீளங்கள் திருத்தப்பட்டன.' மாலையில் முதல் ஆளாகப் போய் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிரதி வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தை அதன் இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் தினமும் செய்யும் வேலை அதுதானே.

அண்ணி கிளினிக்கிலிருந்து நேரே ஓடி வந்ததால் தாமதமாக வந்தாள். மேசையில் இருந்த காகிதத்தின்மேல் தன் பையை வைத்துவிட்டு முன்னால் போனாள். கையுறை அம்மா கையுறை இல்லாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணி நன்றாகப் பேசினாள். புதன்கிழமை தடுமாறிய இரண்டு இடத்திலும் தடுமாறவில்லை. நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தபோது லாரிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அம்மா, ஒரு நிமிஷம். இதுல நூத்திப் பன்னெண்டு இருபத்து மூணு புள்ளி ஏழுன்னு போட்டிருக்கே?" என்றார். அவர் கெட்டது நினைத்துக் கேட்கவில்லை.

அண்ணி வந்து பையைத் தூக்கிக் காகிதத்தைப் பார்த்தாள். கடைசி வரியைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்ப ரெண்டும் ஒரே ஆளோடது இல்ல," என்றாள், எல்லோரையும் பார்த்து. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஐம்பத்தெட்டைப் பத்தி நான் சொன்னது சரி. மத்தது போச்சு. மன்னிச்சுக்கோங்க." வந்து உட்கார்ந்தாள். முழங்கால் மேசையில் இடித்த சத்தம் கேட்டது.

"இதை யார் கவனிச்சது?" என்று கையுறை அம்மா கேட்டார்.

"நான்தான்," என்றேன். வட்டத்தைப் பற்றியும் பின்புறக் குறிப்பைப் பற்றியும் விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டார். முதலில் தப்பாகப் போட்டதும் நான்தான் என்று அண்ணி சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருக்கலாம். அவள் தன் அறிக்கையை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, பைக்குள் வைத்தாள்.

பேருந்து நான்கு நிறுத்தங்களைத் தாண்டியது. பிறகு கேட்டாள். "எப்ப தெரியும்?"

"திங்கக்கிழமை."

"புதன்கிழமை உனக்குப் படிச்சுக் காட்டினேன்."

"ஆமா அண்ணி."

"சரி," என்றாள். நிறுத்தம் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

அதன் பிறகு அவள் என்னோடு நேராகப் பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அண்ணன் வழியாகத்தான் பேச்சு. "உங்க தம்பிகிட்ட தண்ணி வேணுமான்னு கேளுங்க." அண்ணன் என்னைப் பார்த்து, "டேய் ரெஜிஸ்டர், தண்ணி வேணுமா?" என்பான். "வேணாம்னு சொல்லு," என்பேன். "ரெண்டு பேரும் என்னை என்ன டிரைவர்னு நினைச்சீங்களா, கண்டக்டர்னு நினைச்சீங்களா? அங்கயும் இங்கயும் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு இருக்கேன்," என்றான். யாரும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று அவள் அவனிடமும் சொல்லியிருக்கவில்லை.

திங்களன்று கையுறை அம்மா என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். இடம் எனக்குத்தான் என்றார். நான், "மேடம், அந்தத் தப்பை முதல்ல பண்ணதும் நான்தான்," என்றேன்.

"தெரியும். முதல் பட்டியல் கீழ உங்க பேர்தானே இருக்கு? இங்க நாப்பதாயிரம் அட்டை இருக்கு தம்பி. எழுதினதைத் திரும்பப் பாக்கறவங்கதான் எனக்கு வேணும்."

நான் ஏன் திரும்பப் பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை நாள் வைத்திருந்தேன் என்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மேலாளரிடம் விடுப்பை உறுதி செய்தேன். மூன்று பருவமாக வேண்டியது கையில் வந்துவிட்டது. ஃபைல்களை அடுக்கினேன். அன்று நான்கு ஃபைல்கள் இடம் மாறிப் போயின.

கிடங்கில் முதல் நாள். காலையில் கிளம்பும்போது சாப்பாட்டு மேசையில் என் டப்பாவுக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. அண்ணியின் கையெழுத்து. '17, 83, 136. மூன்றும் வலது. நீளம் ஒத்து வருகிறது. வரைபடம் இல்லை.' திருத்திய பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறாள். நான் அவளைக் கவிழ்க்கக் கொடுத்த அதே காகிதத்தில் உட்கார்ந்து, தன் ஆளை மறுபடி தேட ஆரம்பித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். கிடங்கு என்னிடம் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது, கையுறைகூட என்னிடம் இருக்கிறது. அவளுக்கு மூன்று எண் போதும்.

மதியம் பதினேழை எடுத்தேன். குதிகாலே இல்லை, பாதி உடைந்தது. நூற்று முப்பத்தாறில் ஆணிகள் ஒரு சீராகத் தேய்ந்திருந்தன. எண்பத்து மூன்றைத் தட்டில் வைத்து அவள் செய்ததுபோல விளக்குக்கு நேரே சாய்த்தேன். அரை நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பெருவிரலுக்குக் கீழே ஆணிகள் தகடாகி, நடுவில் இரண்டு உள்ளே அமுங்கியே போயிருந்தன. சுண்டுவிரல் பக்கம் தலையோடு நின்றன. யாரும் பார்த்திராத ஒன்றை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் முறை.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் வந்து பார்க்கப் போவதில்லை. ஆறு வாரம் கழித்து நானே கண்டுபிடித்ததாக எழுதலாம். தட்டைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் ஒழுங்காக யோசித்தேன். பிறகு போனை எடுத்தேன்.

"என்ன?" என்றாள். ஒன்பது நாளில் எனக்கென்று அவள் பேசிய முதல் வார்த்தை.

"எண்பத்து மூணு, அண்ணி. பெருவிரல் பக்கம் ரொம்பத் தேஞ்சிருக்கு. ரெண்டு ஆணி உள்ள அமுங்கிடுச்சு."

மறுபக்கம் கிளினிக்கின் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"சுண்டுவிரல் பக்கம்?"

"அப்படியே இருக்கு."

"அட்டைல வட்டம் இருக்கா?"

"இல்ல. முன்னாடியும் பின்னாடியும் பாத்துட்டேன்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"திரும்பப் பாரு."

பார்த்தேன். அதையே மறுபடி சொன்னேன்.

"தம்பி, கோவிச்சுக்காத," என்றாள். "அந்த அம்மா பக்கத்துல இருந்தா போனை அவங்ககிட்ட குடு."

கையுறை அம்மா அடுத்த மேசையில்தான் இருந்தார். கொடுத்தேன். அவர் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் என்னிடமிருந்து தட்டை வாங்கினார். விளக்குக்கு நேரே சாய்த்தார். "ஆமா," என்றார். "ஆமாம்மா, பெருவிரல் பக்கம். ரெண்டு ஆணி. கரெக்ட்." பிறகு உட்கார்ந்துகொண்டார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு முறை சிரித்தார்கள். நான் எண்பத்து மூன்றின் அட்டையை எடுத்து, எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று பார்த்துவிட்டு, யார் பெயரை முதலில் போடுவது என்று அவரைக் கேட்பதற்காக அவர் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.